ஹெரிங்போன் டைல்ஸ்: ஒட்டுவதற்கு முன் போட வேண்டிய கணக்கு

ஹெரிங்போன் தரை பார்வைக்கு மிரட்டும். ஆனால் ஒட்டுகிற வேலையில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. சாதாரண டைல்ஸ் ஒட்டத் தெரிந்த மேஸ்திரிக்கு இதுவும் வரும். கெட்டுப்போவது பெரும்பாலும் அதற்கு முன்பே: அறைக்குப் பொருந்தாத அளவில் டைல் வாங்கியிருப்பார்கள், நடுக்கோட்டைத் தவறான இடத்தில் அடித்திருப்பார்கள், அல்லது வேஸ்டேஜ் கணக்கு பத்தாமல் கடைசி வரிசைக்கு வேறு ஷேட் டைல் வந்து சேர்ந்திருக்கும். மூன்றையும் ஒரு தாளில், கால்குலேட்டரோடு உட்கார்ந்து தவிர்த்துவிடலாம்.

முதலில் வடிவத்தைப் புரிந்துகொள்வோம். நீள்சதுர டைல்களை ஒன்றுக்கொன்று செங்குத்தாக, ஒன்றின் முனை இன்னொன்றின் பக்கத்தில் முட்டும்படி அடுக்கினால் மீன்முள் போல வளைந்து வளைந்து போகும். எல்லா டைலும் முழுச் செவ்வகம்தான். சுவரோரத்தைத் தவிர எங்கும் வெட்டு இல்லை. செவ்ரான் வேறு. அதில் டைலின் இரு முனைகளும் சாய்வாக வெட்டப்பட்டே வரும், கூர்முனைகள் ஒரே நேர்க்கோட்டில் சந்திக்கும். கடையில் படத்தைக் காட்டி 'இதுதான்' என்று சொல்லும்போது எது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இரண்டுக்கும் வாங்கும் டைலே வேறு.

இந்தக் கட்டுரை முழுக்க இரண்டு சொற்களை இந்தப் பொருளில் மட்டுமே பயன்படுத்துவோம். ஒரே பக்கமாகச் சாய்ந்த டைல்கள் அடுத்தடுத்து அடுக்கிய நீளமான வரிசை 'பட்டை'. எதிரெதிராகச் சாய்ந்த இரண்டு பட்டைகள் அம்புமுனை போலச் சந்திக்கும் படிக்கட்டு போன்ற இணைப்பு 'முனைவரிசை'.

நீளம் அகலத்தின் சரியான மடங்காக இருந்தால்தான் ஹெரிங்போன் அமையும் என்று பலர் நம்புகிறார்கள். 100-க்கு 200, 100-க்கு 300 என்றுதான் தேட வேண்டும் என்பார்கள். அது தேவையே இல்லை. எந்த விகிதத்திலும் இந்த வடிவம் இடைவெளி விடாமல் மூடும், டைல்களுக்கு நடுவே விடும் இடைவெளி, அதாவது ஜாயிண்ட், எத்தனை மி.மீ. வைத்தாலும் மூடும். ஒரு பட்டையின் படிக்கட்டு விளிம்பில் அடுத்த பட்டையின் அகலம் மட்டுமே உட்கார வேண்டும். நீளம் எவ்வளவு என்று அந்தப் படிக்கட்டு கேட்பதில்லை. மடங்கு விதி, டைல்களை இரண்டிரண்டாகச் சேர்த்து திசை மாற்றி மாற்றி வைக்கும் கூடைப்பின்னல் வடிவத்துக்கு உண்டு, அங்கே இரண்டு அகலமும் நடு ஜாயிண்டும் சேர்ந்து ஒரு நீளத்துக்குச் சமமாக வேண்டும். அந்த விதியை யாரோ இங்கே கொண்டுவந்து ஒட்டிவிட்டார்கள். ஹெரிங்போனுக்கு வேண்டியது ஒன்றுதான்: எல்லா டைலும் ஒரே அளவாக இருக்க வேண்டும்.

இரண்டு எண்கள்

அம்புமுனைகள் சுவருக்கு இணையாக ஓடும்படி, அதாவது ஒவ்வொரு டைலும் சுவருக்கு 45 டிகிரியில் படுக்கும்படி வைப்பதே வீடுகளில் அதிகம். அதற்கு இரண்டு எண்கள் போதும்.

டைலின் நீளத்தோடு ஒரு ஜாயிண்டைக் கூட்டி 0.707-ஆல் பெருக்குங்கள். அது ஒரு பட்டையின் அகலம். டைலின் அகலத்தோடு ஒரு ஜாயிண்டைக் கூட்டி 1.414-ஆல் பெருக்குங்கள். அது ஒவ்வொரு டைலுக்கும் வடிவம் முன்னோக்கி நகரும் தூரம். இதை 'நடை' என்று வைத்துக்கொள்வோம். பட்டை அகலம் அறையின் குறுக்கே என்ன நடக்கும் என்று சொல்லும், நடை அறையின் நீளத்தில் என்ன நடக்கும் என்று சொல்லும்.

ஓர் அறையை எடுத்துப் பார்ப்போம். 10 அடிக்கு 12 அடி படுக்கையறை, அதாவது 3048-க்கு 3658 மி.மீ. மரக்கட்டை டிசைன் விட்ரிஃபைட் டைல், 200-க்கு 1200 மி.மீ. அதை அப்படியே போட்டால் பட்டை அகலம் 850 மி.மீ. தாண்டும். 10 அடிக்குள் மூன்றரைப் பட்டைதான் வரும். கட்டில் போட்டபின் வடிவமே தெரியாது, தாறுமாறாகக் கிடக்கும் பலகைகளாகத் தெரியும். குறுக்கே குறைந்தது நான்கு முழுப் பட்டையாவது கண்ணில் பட வேண்டும், ஆறு ஏழு என்றால் இன்னும் நல்லது. எனவே ஒவ்வொரு பலகையையும் இரண்டாக அறுப்போம். மெஷின் பிளேடு இரண்டு மூன்று மி.மீ. தின்னும், ஆகவே 598-க்கு ஸ்டாப்பர் வைத்து எல்லாவற்றையும் ஒரே அளவில் அறுக்கச் சொல்ல வேண்டும். ஜாயிண்ட் 3 மி.மீ.

பட்டை அகலம்: 601 × 0.707 = 425 மி.மீ. நடை: 203 × 1.414 = 287 மி.மீ. 3048-ஐ 425-ஆல் வகுத்தால் 7.17 பட்டை. அந்த 0.17 எங்கே போய் விழுகிறது என்பதுதான் கேள்வி.

அறையின் நடுவில் முனைவரிசை வரும்படி வைத்தால் ஒவ்வொரு பக்கமும் 1524 மி.மீ.; மூன்று முழுப் பட்டைகள் போக சுவரோரம் 249 மி.மீ. மிஞ்சும். நடுவில் ஒரு பட்டையின் மையம் வரும்படி வைத்தால் பாதிப் பட்டையும் மூன்று முழுப் பட்டையும் போக மிஞ்சுவது 36 மி.மீ. இரண்டாவது ஏன் தொல்லை என்று பாருங்கள். முனைவரிசை நேர்க்கோடு அல்ல, படிக்கட்டு. இந்த டைலுக்கு அது தன் மையத்திலிருந்து இரு பக்கமும் 72 மி.மீ. ஏறி இறங்கும். சுவர் 36 மி.மீ.யில் வந்தால் அந்த ஏற்ற இறக்கத்துக்குள்ளேயே விழுகிறது. அப்போது ஒரு சுவருக்கு 13 முக்கோணத் துண்டுகள் வெட்டியபின், அவற்றுக்கு இடையே நிற்கும் 13 முழு டைல்களின் மூலையிலும் 5 செ.மீ. கிள்ள வேண்டும். கட்டிங் இரட்டிப்பு. அந்தச் சின்ன மூலை வெட்டில்தான் மேல்பூச்சு சில்லுச்சில்லாகப் பெயரும். 249 மி.மீ.யில் சுவர் வந்தால் 13 வெட்டோடு முடிந்தது.

ஆக விதி இப்படி அமைகிறது: சுவர் எந்த முனைவரிசைக்கும் மிக அருகில் விழக்கூடாது. எவ்வளவு அருகில் என்றால், ஜாயிண்டோடு சேர்ந்த டைல் அகலத்தின் 0.354 மடங்கு, நம் உதாரணத்தில் 72 மி.மீ. நடுவில் முனைவரிசையா, பட்டை மையமா என்று இரண்டையும் கணக்குப் போட்டு எது தப்பிக்கிறதோ அதை எடுங்கள். இரண்டில் ஒன்று அநேகமாகத் தப்பிக்கும்.

சுவரைச் சுற்றி ஒரு வரிசை பார்டர் போடுவதாக இருந்தால் கணக்கு புரண்டுவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். இதே அறையில் நாலு பக்கமும் 203 மி.மீ. பார்டர் எடுத்தால் உள்ளகலம் 2642. இப்போது நடுவில் முனைவரிசை என்றால் ஓரம் 46 மி.மீ., ஆகாது. பட்டை மையம் என்றால் 259, நல்லது. முடிவு நேரெதிர். 'பார்டர் பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்பது இந்த வடிவத்தில் நடக்காது.

நடுக்கோட்டில் முனையை வைக்காதீர்கள்

புதிதாகச் செய்பவர்கள் செய்யும் தவறுகளில் இதுதான் முதலிடம். அறையின் நடுவே சுண்ணாம்பு நூல் அடித்து, முதல் டைலின் மூலையைச் சரியாக அந்தக் கோட்டில் வைத்துத் தொடங்குவார்கள். பார்க்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் டைலின் மூலை முனைவரிசையின் ஒரு விளிம்பு, மையம் அல்ல. முழு வடிவமும் 72 மி.மீ. ஒரு பக்கம் தள்ளிப் போய், ஒரு சுவரோரம் 321, எதிர்ச் சுவரோரம் 177 என்று முடியும். வேலை முடிந்தபின் எல்லோரும் சுவர் கோணல் என்பார்கள்.

சரியான முறை: அறையின் நடுக்கோட்டை அடித்தபின், அதற்கு இருபுறமும் 72 மி.மீ. தள்ளி இரண்டு இணைகோடுகள் அடியுங்கள். இரண்டுக்கும் இடையே 144 மி.மீ. நடு முனைவரிசையில் வரும் ஒவ்வொரு டைலின் குட்டைப் பக்கமும் இந்த இரண்டு கோடுகளுக்கு நடுவே சாய்வாக அமரும். அதன் ஒரு மூலை ஒரு கோட்டை ஒட்டியும் மறு மூலை மறு கோட்டை ஒட்டியும் நிற்கும். இடம் சாய்ந்த டைலுக்கும் வலம் சாய்ந்த டைலுக்கும் இதே அடையாளம்தான். ஜாயிண்டின் பாதியையும் கோடுகள் கணக்கில் எடுத்திருப்பதால் மூலை கோட்டிலிருந்து ஓரிரு மி.மீ. உள்ளே நிற்கலாம், அது சரிதான். நூல் அழியாமல் இருக்க கோட்டின் மேல் மார்க்கரால் ஒருமுறை இழுத்துவிடுவது நல்லது.

நடுக்கோட்டை எப்படி எடுப்பது? இரண்டு 10 அடிச் சுவர்களின் மையங்களையும் இணையுங்கள். பக்கச் சுவர்கள் ஒன்றுக்கொன்று 20 மி.மீ. விரிந்திருந்தாலும் பிழை பக்கத்துக்கு 10 ஆகப் பிரிந்துவிடும். அறை மூலைமட்டமாக இருக்கிறதா என்று அறிய இரண்டு மூலைவிட்டங்களையும் டேப் பிடித்துப் பாருங்கள். 10-க்கு 12 அறையில் இரண்டும் 15 அடி 7½ அங்குலத்தை ஒட்டி, அதாவது 4761 மி.மீ. வர வேண்டும். நடுக்கோட்டுக்குச் செங்குத்துக்கோடு போட 6-8-10 முறை போதும்: ஒரு கோட்டில் 6 அடி, மறுகோட்டில் 8 அடி, இரண்டு முனைக்கும் இடையே சரியாக 10 அடி. 3-4-5 சிறிய அறைக்குச் சரி, ஆனால் அளவு பெரிதாகப் பெரிதாகப் பிழை குறையும்.

நடுக்கோடுகளுக்குப் பிறகு ஒவ்வொரு 425 மி.மீ.க்கும் ஓர் இணைகோடு அடித்துவிடுங்கள். அடுத்தடுத்த முனைவரிசைகளின் மையம் அங்கே வர வேண்டும். வழியிலேயே பிழை பிடிபட இது ஒன்றுதான் வழி.

பிழை எப்படி வளர்கிறது என்றால், ஒரு பட்டையின் ஜாயிண்டுகள் மட்டும் அடுத்த பட்டையைவிட 1 மி.மீ. அகலமாகிவிட்டன என்று வையுங்கள். 45 டிகிரி கோணமே லேசாகத் திரும்பிவிடும்; 12 அடி தள்ளி மறுமுனையில் முனைவரிசை 9 மி.மீ. பக்கவாட்டில் விலகியிருக்கும். டைல்களே 1 மி.மீ. அகலம் வேறுபட்டாலும் இதே கதைதான். பெட்டியில் 200 என்று அச்சிட்டிருந்தாலும் உள்ளே 198 இருக்கலாம், சில டிசைன்கள் 195-லேயே வருகின்றன. கணக்குப் போடும் முன் டைலை அளந்து பாருங்கள், பெட்டியின் மேலுள்ள ஷேட் எண்ணும் அளவு எண்ணும் எல்லாப் பெட்டியிலும் ஒன்றா என்று பாருங்கள், ஒட்டும்போது மூன்று பெட்டிகளைத் திறந்து கலந்து எடுங்கள். ஒரே பெட்டியிலிருந்து ஒரே பட்டைக்கு எடுத்துக்கொண்டே போனால் அந்தப் பட்டை மட்டும் தனி வழி போகும்.

ஜாயிண்ட் ஒரே அளவாக வர டைல்களுக்கு நடுவே செருகும் ஸ்பேசரில் ஒரு சின்னச் சங்கதி. ஹெரிங்போனில் நான்கு மூலைகள் சந்திக்கும் இடமே கிடையாது; எங்கும் மூன்று டைல்தான் சந்திக்கும். சிலுவை வடிவ ஸ்பேசர் பொருந்தாது. ஒரு கையைக் கத்தரித்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

எத்தனை டைல் வாங்குவது

அறையின் பரப்பு 120 சதுர அடி, அதாவது 11.15 சதுர மீட்டர். ஜாயிண்டோடு ஓர் அரைப்பலகை மூடுவது 0.122 சதுர மீட்டர். வகுத்தால் 91½ துண்டுகள். இதற்கு மேல் எவ்வளவு என்பதைக் குத்துமதிப்பாக '10 சதவீதம்' என்று விட்டுவிடாமல் சுவரோரத்தை எண்ணிப் பாருங்கள். 3658-ஐ 287-ஆல் வகுத்தால் ஒரு பக்கச் சுவருக்கு 13 வெட்டு, இரண்டுக்கும் 26. ஒவ்வொன்றிலும் டைலின் 40 சதவீதத்துக்கு மேல் கழிவு. அதுவே 11 டைல், 12 சதவீதம். முன் பின் சுவர்களும் உடைசலும் இன்னும் வரவில்லை.

கழிவுத் துண்டு திரும்பப் பயன்படுமா? சுவரோரத் துண்டு பட்டையில் பாதிக்குள், அதாவது 212 மி.மீ.க்குள் இருந்தால், வெட்டிய மிச்சத்தை 180 டிகிரி திருப்பினால் அதே சுவருக்குப் பொருந்தும். நம் உதாரணத்தில் 249 வேண்டும், மிச்சம் 176-தான், எட்டாது. எதிர்ச் சுவருக்கு அனுப்பலாமே என்று தோன்றும். நடுவில் முனைவரிசை வைத்த அறையில் எதிர்ச் சுவரின் வெட்டு இதன் கண்ணாடிப் பிம்பம், டைலைக் கவிழ்த்து ஒட்டினால்தான் பொருந்தும். ஆனால் மிச்சத்தை 90 டிகிரி திருப்பி முன், பின் சுவர்களில் எதிர்ப்பக்கம் சாயும் பட்டையில் கொஞ்சம் கரைக்கலாம். இதையெல்லாம் சேர்த்து 18 சதவீதம் வைத்தால் 108 அரைப்பலகை, 54 பலகை. பெட்டிக்கு 5 என்றால் 11 பெட்டி. ஒரு பலகை மிஞ்சும்; உண்மையில் இன்னொரு பெட்டி எடுத்து வைத்துவிடலாம், அடுத்த முறை அதே ஷேட் கிடைப்பது துர்லபம்.

டைல்களைச் சுவருக்கு நேராகவே வைத்து, அம்புமுனைகள் மட்டும் அறையில் 45 டிகிரி சாய்வாக ஓடும்படி போடுவது இன்னொரு வகை. எல்லா வெட்டும் நேர்வெட்டு, கைக் கட்டரே போதும், கழிவு 10 சதவீதத்தை ஒட்டி முடியும். சின்னக் குளியலறைக்கு இதையே சிபாரிசு செய்வோம். ஆனால் சுவர் கோணலாக இருந்தால் ஓரத் துண்டுகள் படிப்படியாக ஒடுங்குவது இதில் பளிச்சென்று தெரியும்; 45 டிகிரியில் முக்கோணங்களுக்கிடையே கொஞ்சம் ஒளிந்துகொள்ளும்.

வைக்கும் வரிசை

அம்பு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்? பிரதான வாசலில் நின்று பார்க்கும்போது முனைகள் அறையின் நீளவாக்கில் ஓடட்டும். நடைபாதையிலும் நீளவாக்கில்தான். 3 அடி அகல நடைபாதைக்கு நம் அரைப்பலகை ஆகாது, இரண்டு பட்டைதான் வரும். 75-க்கு 300 போன்ற சிறிய டைல் என்றால் நாலு பட்டை கிடைக்கும்.

ஒட்டுவதற்கு முன் நடு முனைவரிசையின் இருபக்கப் பட்டைகளையும் சுவரிலிருந்து சுவர் வரை பசை இல்லாமல், ஸ்பேசரோடு பரப்பிப் பாருங்கள். பிறகு முழு வரிசையையும் நீளவாக்கில் முன்னும் பின்னும் நகர்த்துங்கள். 287 மி.மீ.க்குள் எங்கு நிறுத்தினாலும் வடிவம் ஒன்றுதான். மாறுவது வாசலோரமும் எதிர்ச்சுவரோரமும் விழும் துண்டுகளின் அளவு மட்டும். வாசல் பக்கம் மிகச் சின்ன முக்கோணம் எவ்வளவு பெரிதாக முடியுமோ அவ்வளவு பெரிதாக வரும் இடத்தில் நிறுத்துங்கள், பின்சுவரில் என்ன வந்தாலும் அலமாரி மறைத்துவிடும்.

தரை மட்டத்தையும் இப்போதே பார்த்துவிட வேண்டும். 10 அடி நேரான அலுமினியச் சட்டத்தை எல்லாப் பக்கமும் வைத்துப் பார்த்தால் அடியில் 3 மி.மீ.க்கு மேல் வெளிச்சம் தெரியக்கூடாது. சாதாரண அடுக்கில் ஒரு டைல் நாலு டைலோடு மட்டம் சேர்ந்தால் போதும். இங்கே விளிம்புகள் இரண்டு திசையில் ஓடுவதால் எந்த மேடும் ஏதோ ஒரு விளிம்பைத் தூக்கிக் காட்டும். நீளப் பலகைகளில் இயல்பாக இருக்கும் லேசான வளைவு மட்டும் இங்கே அவ்வளவு தொல்லை தராது. பக்கத்து டைல் ஓர் அகலம்தான் தள்ளி அமர்கிறது. ஒன்றின் நடுவயிறு இன்னொன்றின் முனையோடு சேரும் பாதிக்குப்பாதி அடுக்கில்தான் அந்த வளைவு காலில் தட்டும்.

ஒட்டும்போது வாசலுக்கு எதிர்ப்புறத்திலிருந்து நடு முனைவரிசையைத் தொடங்கி வாசல் நோக்கி வாருங்கள், முழு டைல்கள் மட்டும். சுவரோர வெட்டுகள் மறுநாள். சாய்வு வெட்டுக்குத் தண்ணீர் விட்டு அறுக்கும் மெஷின் இருந்தால் விளிம்பு சுத்தமாக வரும். ஆங்கிள் கிரைண்டர் என்றால் புது டயமண்ட் பிளேடு போடச் சொல்லுங்கள். ப்ளைவுட்டில் ஒரு 45 டிகிரி முக்கோணம் அறுத்துக் கையில் வைத்துக்கொண்டால் ஒவ்வொரு மூன்று டைலுக்கும் கோணத்தைச் சரிபார்க்கலாம். பசையைப் பெரிய பரப்பில் பரப்பிவிடாதீர்கள். இந்த வடிவத்தில் டைலை வைத்துத் திருத்தச் சற்று நேரம் பிடிக்கும், பசையின் மேல் தோல் கட்டிவிட்டால் டைல் பிடிக்காது. அடித்த கோடுகளும் பசைக்குள் மறைந்துவிடும்.

சமையலறை மேடைக்கு மேலுள்ள சுவருக்கும் இதே இரண்டு எண்கள்தான். 75-க்கு 300 டைல், 2 மி.மீ. ஜாயிண்ட் என்றால் பட்டை 214, நடை 109. 8 அடி மேடையின் நடுவில் முனைவரிசை வைத்தால் பக்கத்துக்கு ஐந்து முழுப் பட்டையும் 150 மி.மீ.யும் வரும், நல்ல அளவு. ஆனால் அடுப்பு மேடையின் நடுவில் இல்லையென்றால் கண் அடுப்பைத்தான் மையமாக எடுத்துக்கொள்ளும். புகைபோக்கியின் மையத்திலிருந்து தொடங்கி ஓரங்கள் சமமில்லாமல் முடிந்தாலும் பரவாயில்லை. இங்கே கீழ்வரிசை வெட்டுத் துண்டுகளை முதலில் ஒட்டி, அவற்றின் மேல் முழு டைல்கள் அமரட்டும். இல்லாவிட்டால் ஈரப்பசையில் மொத்தமும் சரியும். கிரானைட்டுக்கும் டைலுக்கும் நடுவே 2, 3 மி.மீ. விட்டு சிலிக்கான் அடைக்க வேண்டும்.

ஜாயிண்ட் நிரப்புவது ஒட்டி 24 மணி நேரம் கழித்து. டைலுக்கு எதிர் நிறம் கொடுத்தால் வடிவம் எடுப்பாகத் தெரியும், ஜாயிண்டின் ஒவ்வொரு மி.மீ. ஏறுமாறும் அதே அளவுக்குத் தெரியும். முதல்முறை போடும் அறைக்கு டைலைவிட ஒரு சாயல் கருத்த நிறம் போதும். டைலுக்கும் சுவருக்கும் நடுவே 5 மி.மீ. இடைவெளி விட்டு, அதை ஜாயிண்ட் நிரப்பும் பொடியால் அடைத்துவிடாமல் காலியாக விடுங்கள், ஸ்கர்டிங் மேலே மூடிக்கொள்ளும்.